வீட்டுப்பேர் வரிசை

தொண்ணூறுகளில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் என் தொழிலைச் செய்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஆனாலும் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் கூடினோம். இந்த வேலையைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்க எங்களுக்கு வேறு நாதி இல்லை.

வேலை இதுதான். யாரோ ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதுவார். அதன் கடைசியில் எந்தப் பெயர், எந்த விஷயம், எந்தப் பக்கம் என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் வரும் அல்லவா, அதை நாங்கள் செய்வோம். பெயரடைவு, பொருளடைவு என்றெல்லாம் தமிழில் கௌரவமான சொற்கள் உண்டு. ஊரில் யாரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் மாமியாரிடம், மருமகள் வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாள் என்று கேட்டதற்கு, "அவ கண்டவன் எழுதுன புக்குக்கு வாலு வைக்குதா" என்று பதில் வந்தது. நூலகவியலில் இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திருவனந்தபுரத்துப் பதிப்பாளர்கள் அச்சுப்படியைக் கட்டிச் சணல் சுற்றி அரசு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் பாறசாலை ஜங்ஷனில் போய் நின்று வாங்க வேண்டும். ஒரு தடவை சந்தை முடிந்து திரும்பிய பொழியூர் மீன்காரி ஒருத்தி காலிக் கூடையை அந்தக் கட்டின்மேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நானூறு பக்கச் சட்டப் புத்தகம் முழுக்கச் சாளை மணம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்த அந்த அடைவில் ஒரே ஒரு பிழைகூட இல்லை. அதை யாரும் பாராட்டவில்லை. அடைவில் பிழை இருந்தால்தான் எங்கள் பிறப்பே உலகத்துக்குத் தெரியவரும்.

கம்ப்யூட்டர் என்பதெல்லாம் எங்களுக்குக் கேள்விப்பட்ட சங்கதி. ஒரு பெயருக்கு ஒரு அட்டை. அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் நிறுத்தி, வரிசைப்படுத்தி, பக்க எண்களை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். எங்கள் வீட்டில் செருப்பைவிடச் செருப்புப் பெட்டிகள் அதிகம்.

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நெய்யாற்றின்கரையில் ஒரு அச்சகத்தில் பிழைதிருத்துபவர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். படித்ததெல்லாம் மலையாளம். தமிழைத் தானாகவே கற்றுக்கொண்டவர் என்பதால் தமிழில் தனக்குத் தவறு வர வாய்ப்பே இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. இன்னொருவர் பாறசாலை நூலகத்தில் லைப்ரேரியன் அக்கா. கல்யாணம் கழிக்காதவர், குறைவாகப் பேசுகிறவர், அந்தக் குறைவான பேச்சையும் நாம் தோற்ற பிறகு பேசுகிறவர். நூலகத்தின் பின்னறையில்தான் எங்கள் மகாசபை. நிபுணர்கள் அறிவைப் பகிர்ந்துகொள்வது என்று வெளியூரில் இதைச் சொல்வார்களாம். எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று பேரும் சண்டை போடுவோம். முடிவில் எஞ்சியதை ஒரு நோட்டில் எழுதுவோம். அதற்குச் சண்டை நோட்டு என்றே பெயர்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில், சண்டையே இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தோம். தேடுபவர் எங்கே தேடுவாரோ அங்கே வை. பார்க்க நன்றாக இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பியதாக ஞாபகம் இல்லை.

ஒரு விவசாயப் புத்தகத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மர வியாபாரமும் வந்தன. எது முதலில்? சொல் சொல்லாகப் பார்த்தால் 'மர' என்ற சொல் முடிந்துவிடுகிறது, ஆகவே மர வியாபாரம் முதலில். இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் எழுத்து எழுத்தாகப் போனால் மரச்சீனி முந்திக்கொள்ளும். இரண்டு முறைக்கும் உலகத்தில் ஆதரவாளர்கள் உண்டு. அண்ணன் எழுத்துக் கட்சி, நான் சொல் கட்சி. இரண்டு இரண்டாம் சனிக்கிழமைகளை இதில் தொலைத்தோம். மேசையின்மேல் அக்கா வாங்கி வைத்த வேகவைத்த மரச்சீனியும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. கடைசியில் அக்கா, "நீங்க ரெண்டுபேரும் முடிவு பண்ணுததுக்குள்ள கிழங்கு வெறச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் பங்கைச் சாப்பிட ஆரம்பித்தார். சொல் கட்சி ஜெயித்தது. மரச்சீனி விளைவித்தவர் யாரும் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

இப்படிப் புகழோடு வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் திருச்சபையின் நூற்றாண்டு மலர் வேலை வந்தது. பழைய மிஷன் காலத்துச் சபை. நான் ஞானஸ்நானம் எடுத்ததும் அங்கேதான், தாலி கட்டிக்கொண்டதும் அங்கேதான். மலரில் நூறு வருஷத்து ஆட்கள் எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் தன் பெயர் எந்தப் பக்கத்தில் என்று தெரிய வேண்டும், ஆனால் புத்தகத்தை வாசிக்க யாருக்கும் உத்தேசம் இல்லை. ஆகவே பெயரடைவு வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டு, கர்த்தருடைய வேலை என்று சொல்லி என் தலையில் கட்டியது. நான் மற்ற இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டேன். அண்ணன் இந்து, கர்த்தருடைய வேலையில் அவருக்கு என்ன பங்கு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அச்சகம் அவர் கையில் இருக்கிறது என்றதும் கேள்வி அடங்கிவிட்டது.

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பேறு பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் சபையில் பாதிப் பேர் முதலில் பார்த்த முகம் அவருடையது. நானும் அதில் ஒருத்தி. கொல்லயில் ஊரில் வயலோரம் சொந்தமாக ஒரு வீடு கட்டித் தனியாக இருந்தார். தாலி கட்டினவர் கல்யாணம் முடிந்து மூன்றாம் வருஷம் பம்பாய்க்குப் போனார். போனவர் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையோடு கடமையை முடித்துக்கொண்டார். பிள்ளைகள் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டவருக்கு இப்படி ஒரு கணக்கு.

காப்பி குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மக்களே, அந்தப் புக்குல எனக்க பேரு உண்டா?"

"உண்டு சிஸ்டர். பதினோரு எடத்துல உண்டு." அட்டையை எடுத்துக் காட்டினேன். என் தொழிலின் மேன்மையை ஒரு ஜீவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தது அதுதான் முதல் தடவை. காட்டாமல் விடுவேனா?

அவர் அட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்த் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பெறகு கல்லறையில பேரு வெட்டிவைக்க ஒரு ஆளு இல்ல பாத்தியா. இதுல ஒரு வரி கெடந்தா எனக்கு அது போதும். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் வேண்டாம், பின்னால திருப்புனா எனக்க பேரு கெடக்கணும்."

"கெடக்கும் சிஸ்டர். நானாக்கும் செய்யுதேன்" என்றேன். என்ன ஒரு தைரியம் பாருங்கள்.

அந்த வாரம் பெட்டிகளை வரிசைப்படுத்த அண்ணனிடம் கொடுத்தேன். திரும்பி வந்த பெட்டியில் ச-வுக்கு அடுத்து ஜ உட்கார்ந்திருந்தது. மலையாள அரிச்சுவடியில் அதற்கு அங்கேதான் இடம். கேட்டால், "ச கழிஞ்ஞா ஜ அல்லே? பின்ன எந்தா?" என்கிறார், நான்தான் ஏதோ மறந்துபோனதுபோல. தமிழில் ஜ, ஸ எல்லாம் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். ன-வுக்கும் பிறகு, கடைசியில்தான் பாய் போடுவோம் என்று விளக்கினேன். விருந்தாளியைப் பின்னால் உட்கார வைக்கிறது என்ன மரியாதை என்று அவர் கேட்டார். ஒரு சண்டை நடந்தது. தமிழ்ப் புத்தகம், தமிழ் வரிசை என்று முடிவாகி நோட்டில் ஏறியது. அட்டைகளை எல்லாம் மறுபடி அடுக்கினோம்.

எங்கள் சபையில் ஜ-வில் பெயர் தொடங்காதவர்கள் சிறுபான்மையினர் என்பதை அந்த உற்சாகத்தில் யாரும் யோசிக்கவில்லை. மலர்க் கமிட்டிச் செயலாளர் வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவர். அவர் பெயரும் ஜ-வில்தான். மாதிரிப் படியைப் பார்த்துவிட்டு மறுநாளே ஆட்டோ பிடித்து வந்தார்.

"பிள்ளே, இந்த மலருக்கு செகரட்டரி நானாக்கும். என்னக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்துல கெடத்தியிருக்கிய. இது ஆரு சொல்லித்தந்த வரிசை?"

"அது தமிழ் வரிசை மாமா. எழுத்து அப்படியாக்கும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ரப்பர் விலை இறங்கும்போது யோசிக்கிற அதே முகம். "செரி, வரிசைய மாத்தாண்டாம். ஒரு காரியம் செய்யி. வீட்டுப்பேர முன்னால போடு, ஆளுக்க பேரப் பின்னால போடு. நம்ம ஊர்ல வீட்டுப்பேரு சொல்லாம ஆரை ஆருக்குத் தெரியும்?"

அவருடைய வீட்டுப்பேர், அதாவது பரம்பரையாக வரும் குடும்பப் பெயர், ஆ-வில் தொடங்குகிறது. முதல் பக்கம், முதல் பத்தி. கர்த்தருடைய வேலையில் இப்படியும் ஒரு வெளிச்சம் கிடைப்பது உண்டு.

இதில் எங்கள் மூவருடைய பங்கைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் இல்லை. வியாபாரி தன் சௌகரியத்துக்குச் சொன்னதை, மூன்று நிபுணர்கள் அடுத்த இரண்டாம் சனிக்கிழமை கூடித் தத்துவமாக்கினோம். ஒரே பெயரில் பதினைந்து ஆட்கள் இருக்கிற ஊரில் வீட்டுப்பேர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும் என்று அண்ணன் சொன்னார். ஒரு குடும்பம் ஒரே இடத்தில் சேர்ந்து வரும், பார்க்க அழகு என்று நான் சொன்னேன். அக்கா மட்டும் கேட்டார்:

"அப்ப பொம்பளைக எங்க போவாவ?"

"கெட்டின வீட்டுக்குத்தான். வேற எங்க போவாவ?" என்றேன் நான். பட்டம் வாங்கினவள் அல்லவா. வீட்டுப்பேர், குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி மனைவி. நானே சொல்லி, நானே நோட்டில் எழுதினேன்.

அக்கா அதற்குமேல் தர்க்கம் செய்யவில்லை. பெண்களின் சொந்தப் பெயரிலும் ஒரு வரி போட்டு, இன்ன வீட்டுப்பேரைக் காண்க என்று கை காட்டிவிடலாம் என்றார். அது சரியான வழிதான். போட்டோம். நர்ஸம்மாவுக்கும் அவர் எழுத்தில் ஒரு காண்க கிடைத்தது.

பிறகு அச்சகத்தில் இருந்து அண்ணன் ஓலை கொண்டுவந்தார். அச்சில் ஒரே தாளாக ஓடும் ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். அடைவு அந்தப் பதினாறுக்குள் நிற்க வேண்டும், இது கால் பக்கம் வழிகிறது. கால் பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாது. எதையாவது வெட்ட வேண்டும். எதை வெட்டலாம் என்று சண்டை நோட்டைப் பார்த்தோம். இடம் போதாவிட்டால் காண்க வரிகளை முதலில் எடுக்கலாம் என்று எப்போதோ ஒரு சட்டப் புத்தகத்துக்காக எழுதி வைத்திருந்தோம். விதி இருக்கும்போது யோசனை எதற்கு? சிவப்புப் பேனாவால் நான்தான் அடித்துக்கொண்டே போனேன். நர்ஸம்மாவின் வரி வந்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. பதினோரு பக்கமும் வீட்டுப்பேர் வரிசையில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் அடித்தேன். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர் வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே வைத்து நடந்தது. பிஷப்புக்கு ஒரு பிரதி, வயதானவர்களுக்கு ஒரு பிரதி, பிறகு எல்லோருக்கும். அப்படி ஒரு காட்சியை எந்த எழுத்தாளரும் பார்த்திருக்க மாட்டார். வாங்கின நூற்றுக்கணக்கான பேரும் ஒன்றுபோலப் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் திறந்தார்கள். முன்னுரை எழுதிய எங்கள் போதகர் ஐயர் பார்த்துக்கொண்டே நின்றார். செயலாளர் அடைவின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் காட்டினார். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி பெஞ்சில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. என் வாலைத்தான் ஊரே வாசித்துக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் நர்ஸம்மா இருந்தார். பட்டுச் சேலை, மடிப்புக் கலையாத முந்தி. தன் எழுத்து வரும் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். கீழேயிருந்து மேலே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். நாடித்துடிப்பு எண்ணுகிறவர்களுக்கு உள்ள நிதானம். எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மக்களே, இதுல காணல்லியே."

"உண்டு சிஸ்டர். வரிசைய மாத்திட்டம். வீட்டுப்பேருலயாக்கும் பாக்கணும்."

"எனக்கு எந்த வீட்டுப்பேரு?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பம்பாய்க்காரரின் வீட்டுப்பேர், அதற்கு அடுத்து அவர் பெயர். அதற்குக் கீழே உள்ளே தள்ளி, மனைவி என்று போட்டு, இவர் பெயர். நல்ல சுத்தமான வேலை. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

நர்ஸம்மா அந்த இரண்டு வரிகளையும் வாசித்தார். "இவருக்கு எத்தன பக்கம்?"

"ஒண்ணு சிஸ்டர். பாட்டுக் குழு போட்டோவுல நிக்காரு."

"எனக்கு?"

"பதினொண்ணு."

"அந்தப் பதினொண்ணயும் கொண்டுபோய் இந்த ஒண்ணுக்குக் கீழ கெடத்தியிருக்கிய." சத்தம் ஏறவில்லை. பிரசவ அறையில் கத்துகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். "நான் செத்தாலும் இவருக்க பேருல என்னத் தேட மாட்டேன். வேற ஆரு மக்களே தேடுவா?"

தேடுபவர் எங்கே தேடுவாரோ அங்கே வை. மூன்று நிபுணர்கள், ஒரு நோட்டு, சிவப்பு மை. தேடுகிறவர் என் வீட்டுக்கே நடந்து வந்து, காப்பி குடித்து, எங்கே தேடுவேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கேட்கிற பாவனையில் இல்லை. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரியில் பிறந்த நேரம் எழுதிய அதே தடித்த நீலப் பேனா.

"இந்தா. எனக்க எழுத்துல நான் வரவேண்டிய எடம் எது? வரிசை படிச்சவ நீதானே. பிந்தாம முந்தாம எழுது."

இரண்டு பெயர்களுக்கு நடுவில் இடம் இருந்தது. அவர் பெயரை முழுதாக எழுதினேன். யாருடைய மனைவி என்று எழுதவில்லை. பக்க எண்களைப் பார்க்கப் புத்தகத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை, பதினொன்றும் எனக்கு மனப்பாடம். கடைசி எண் கொஞ்சம் கோணிவிட்டது. அவர் குனிந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டு எண்ணி, "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றார். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மை காயட்டும் என்று பக்கத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்த புக்குகள்லயும் எழுதித் தாறேன் சிஸ்டர். நாங்க மூணு பேரும் இருந்து எழுதுவோம்."

"அது ஒனக்க இஷ்டம்." அப்புறம் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ கல்யாணத்துக்கு முன்ன ஆறு வருஷம் சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தல்லா. ஒன்ன எங்க வச்சிருக்கே?"

பதில் எனக்குத் தெரியும். பக்க எண்ணோடு தெரியும். அந்த ஆறு வருஷமும் என் அப்பாவின் இனிஷியலோடுதான் புத்தகத்தில் இருந்தது, அப்போது என் கணவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த அட்டையை எடுத்து, யாரும் சொல்லாமலே, ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல், அவருடைய வீட்டுப்பேருக்குக் கீழே, உள்ளே தள்ளி, மனைவி என்று செருகி வைத்தது என் கைதான்.

நர்ஸம்மா நான் பக்கத்தைத் திருப்புவதற்காகக் காத்திருந்தார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.